அரிசி தூவினால் புறா வருகிறது, சிட்டுக்குருவி ஏன் வருவதில்லை?

மொட்டைமாடியில் தினமும் ஒரு பிடி நொய் தூவிப் பாருங்கள். முதலில் காக்கை வரும். அப்புறம் ஒன்றிரண்டு புறாக்கள் வரும். சில வாரங்களில் மாடிச்சுவர் முழுக்கப் புறாவாக இருக்கும். நகரத்தில் பலரும் சிட்டுக்குருவியை நினைத்துத்தான் தானியம் தூவுகிறார்கள். அது மட்டும் வராது.

சிட்டுக்குருவிக்கு அரிசி பிடிக்காது என்பதில்லை. வளர்ந்த குருவி நொய், கம்பு, தினை எல்லாவற்றையும் விரும்பித் தின்னும். அதன் குஞ்சால்தான் தானியத்தில் வளர முடியாது. மாடியில் பறவைகளைப் பார்க்கும் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் எதை வைக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்பதையே இது மாற்றிவிடும்.

முட்டையிலிருந்து வரும்போது சிட்டுக்குருவிக் குஞ்சின் எடை இரண்டு, மூன்று கிராம்தான். உடம்பில் இறகு கிடையாது, கண்ணும் திறந்திருக்காது. ஏறத்தாழ இரண்டே வாரத்தில் அது அம்மாவின் எடையை நெருங்கி, பறக்கும் இறகோடு கூட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. சதை, எலும்பு, இறகு எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் உருவாக வேண்டும். இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கெராட்டின் என்ற புரதம். கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் இல்லாமல் கெராட்டினைக் கட்ட முடியாது.

அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. ஓடியாடித் திரியும் பெரிய குருவிக்கு மாவுச்சத்து தெம்பு தரும். ஆனால் அதை வைத்துச் சதை வளர்க்க முடியாது. புழுவிலும் வெட்டுக்கிளியிலும் ஈரத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் புரதம்தான். அந்த ஈரமும் வீணாவதில்லை. குருவிகள் கூட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருவதில்லை, குஞ்சின் தாகம் பூச்சியின் உடலில் இருக்கும் நீரால்தான் தீர்கிறது. அதனால் தானியம் தின்னும் தாயும் தகப்பனும் குஞ்சு பொரித்த நாள் முதல் பூச்சி வேட்டைக்குப் போய்விடுகின்றன. அசுவினி, சின்ன வண்டு, பச்சைப்புழு, சிலந்தி என்று கிடைப்பதையெல்லாம் தூக்கி வரும். குஞ்சு ஓரளவு வளர்ந்த பிறகுதான் தானியமும் சேரும்.

பூச்சி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் கூடு கூடாகப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். தாவர உணவு அதிகமாகக் கிடைத்த குஞ்சுகளின் நிலைமை மோசமாக இருந்தது. லண்டனில் இதையே திருப்பிப் போட்டுச் சோதித்தார்கள். குருவிகள் கூடு கட்டும் தோட்டங்களில் இனப்பெருக்கக் காலத்தில் உயிருள்ள புழுக்களை வைத்தபோது, பறக்கும் பருவம் வரை பிழைத்த குஞ்சுகள் கணிசமாகக் கூடின.

புறாவின் கதை வேறு. புறாக்குஞ்சுக்கும் புரதமும் கொழுப்பும் வேண்டும்தான். ஆனால் புறா அதற்காகப் பூச்சி தேடி அலைவதில்லை, அந்த உணவைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. கழுத்துக்குக் கீழே, விழுங்கிய தானியம் தங்கும் தீனிப்பை ஒன்று இருக்கிறது. முட்டை பொரியும் நாள் நெருங்கும்போது அந்தப் பையின் உட்சுவர் தடிக்கிறது. அதிலுள்ள செல்கள் கொழுப்பும் புரதமும் நிரம்பி உதிர்ந்து, பாலாடைக்கட்டி போன்ற வெளிர்மஞ்சள் கட்டிகளாகின்றன. இதுதான் புறாப் பால். நீரை நீக்கிப் பார்த்தால் இதிலும் பாதிக்கு மேல் புரதம், மிச்சத்தில் பெரும்பங்கு கொழுப்பு. முதல் சில நாட்கள் குஞ்சுக்கு வேறு எதுவும் கொடுப்பதில்லை.

ஆண் புறாவும் பெண் புறாவும் இரண்டுமே இந்தப் பாலைச் சுரக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சுரப்பைத் தூண்டுவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். மனிதத் தாய்மாருக்குப் பால் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான். 1930களில் அமெரிக்காவில் உயிரியலாளர் ஆஸ்கர் ரிடிலும் அவரது குழுவினரும் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தபோது, அதன் வீரியத்தை அளக்கப் பயன்பட்டதே புறாவின் தீனிப்பைதான். ஹார்மோன் எவ்வளவு செலுத்தினார்களோ, அதற்கேற்பப் பை தடித்தது. பறவைகளில் இப்படிப் பால் ஊட்டுபவை மிகச் சில. பூநாரையும், ஆண் பேரரசப் பென்குவினும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

ஆக, அம்மா புறா அரிசி தின்றாலே குஞ்சுக்குப் பால் தயார். பூச்சி பெருகும் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானியம் கிடைக்கும் இடத்தில் புறா வருடம் முழுவதும் முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான், ஆனால் முதல் ஜோடிக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் போகும் முன்பே அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். நாம் தூவும் ஒவ்வொரு பிடி அரிசியும் நேராகப் புறாக்குஞ்சாக மாறுகிறது என்றே சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் பல ஆண்டுகள் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் பார்த்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1988 முதல் மக்களிடம் பேசித் தீனி போடுவதைக் குறைக்க வைத்தபோது, சுமார் நான்கு ஆண்டுகளில் புறாக்கள் பாதியாகக் குறைந்தன.

எல்லாப் பறவைகளும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடுவதில்லை. கிளி தான் தின்ற விதையையே கக்கி ஊட்டும். சில்லைகள் பால்பிடித்த புல்விதையைக் குஞ்சுக்குக் கொடுக்கும். காக்கை எது கிடைத்தாலும் ஊட்டும். தேன்சிட்டு பூவில் தேன் குடித்து வாழ்கிறது, ஆனால் குஞ்சுக்குச் சிலந்தியும் சின்னப் பூச்சியும் வேண்டும். மைனாவும் தையல்சிட்டும் பூச்சியை நம்பியவைதான்.

சரி, மாடியில் என்ன செய்யலாம்? தானியத்தைத் தரையில் கொட்டாமல் தொங்கவிடுங்கள். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் தொங்கவிடும் பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அதன் பொறியியல் அருமையானது. ஒரு குருவியின் எடை முப்பது கிராமுக்குள்தான், ஆடும் கதிரைக் காலால் பற்றிக்கொண்டே அது நெல்லைக் கொத்தும். புறாவோ முந்நூறு கிராமுக்கு மேல், உட்கார்ந்து தின்ன அதற்குத் தட்டையான இடம் வேண்டும்.

குஞ்சுக்கு வேண்டிய பூச்சியை நாம் கொண்டு வந்து போட வேண்டியதில்லை, செடியே கொண்டு வரும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும், அவரைக்கொடியில் அசுவினி அப்பும். ஒரு தொட்டியில் புல் தன்போக்கில் வளரட்டும். நாலு இலை ஓட்டையானதும் பூச்சிமருந்து அடித்துவிட்டால், பக்கத்துச் சந்தில் இருக்கும் குருவிக்கூட்டின் சாப்பாட்டை எடுத்துவிடுகிறோம். தானியம் வைப்பதைவிட மருந்து அடிக்காமல் இருப்பதுதான் சிட்டுக்குருவிக்குப் பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர் எல்லாப் பறவைக்கும் வேண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கோடையில் அலகைத் திறந்து மூச்சிரைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும், அப்படி இழந்த நீரைக் குடித்து ஈடுகட்ட வேண்டும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் இல்லாத மண்சட்டி போதும். குடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். காக்கையும் மைனாவும் ஒரு வாய் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும், புறா தலையைத் தூக்காமலே உறிஞ்சும்.

சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுவது முக்கியம். கொசு முட்டை வைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பல புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. எச்சில் பட்ட தானியத்தாலும் நீராலும் அது மற்றப் பறவைகளுக்குத் தொற்றும். பிரிட்டனில் 2005 வாக்கில் அந்த நோய் பசுஞ்சிட்டு என்ற தோட்டப் பறவையிடம் பரவியது. தீனித்தட்டுகளில் கூட்டமாகச் சாப்பிட்ட அந்தப் பறவை பெருமளவில் செத்தது, 2021 இல் அந்நாட்டில் பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

பறவையைப் பார்க்கும்போது அதன் அலகைப் பாருங்கள். குருவியோ மைனாவோ பிடித்த பூச்சியை விழுங்காமல் கவ்வியபடி ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால், அந்தப் பக்கம் குஞ்சு இருக்கிறது. அந்தத் தேதியையும் பூச்சியின் வகையையும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளின் பட்டியலை இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும், வீட்டு மாடியும் கணக்கில் சேரும். 2020 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்து உருவானதுதான். சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெரிய வந்தது.