கடவுச்சீட்டு, வீசா: சொல்லும் பொருளும்

காத்தான்குடியிலோ கல்முனையிலோ கட்டாருக்குப் புறப்படும் ஒருவரிடம் "பாஸ்போட் வந்திட்டா?" என்றுதான் கேட்போம். படிவத்தில் இருப்பது கடவுச்சீட்டு. பிரெஞ்சு மொழியில் 'பாசே' என்றால் கடந்து செல்வது, 'போர்' என்றால் துறைமுகம். அந்தச் சேர்க்கை ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. தமிழில் 'கட' என்ற வினையிலிருந்து கடவு. வழி என்று பொருள். பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை எல்லாம் அதன் உறவுச் சொற்கள். கடவுச்சீட்டு அருமையான ஆக்கம், தயங்காமல் பேச்சிலும் புழங்கலாம்.

வீசா வேறு. லத்தீனில் 'கார்ட்டா வீசா' என்றால் பார்வையிடப்பட்ட தாள். கடவுச்சீட்டைத் தருவது நம் அரசு. அதைப் பார்த்து "வரலாம்" என்பது போகும் நாட்டின் அரசு. ஆகவே நுழைவிசைவு என்பதே சரியான தமிழ். வெறுமனே 'அனுமதிச் சீட்டு' என்று எழுதினால் இரண்டும் குழம்பிப் போகும்.

எந்த அரசுக்கும் இந்தப் பார்வையிடும் வேலைதான் பெரும்பாடு. இலங்கையில் 2024 ஏப்ரலில் இணையவழி வீசா வேலையின் ஒரு பகுதி வெளியாரிடம் போனது. ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் உள்ள பத்தரமுல்லையில் நீண்ட வரிசை. மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அலைச்சல்! 2023 இல் 51 பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்க வழி செய்தது நல்ல காரியம்தான், ஆனால் புத்தகம் இல்லாவிட்டால் கைரேகை மட்டும் என்ன செய்யும்?

அப்புறம் ஆவணச் சிக்கல். போரிலும் 2004 சுனாமியிலும் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் இந்தக் கிழக்குக் கரையில் ஏராளம். பிரதி எடுத்தாலும் பெயர் இடிக்கும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், இன்னொருவர் வேறுவிதமாக எழுதுவார். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். கடவுச்சீட்டில் இயந்திரம் வாசிக்கும் வரியில் பெயருக்கு உள்ள இடம், இடைவெளிக் குறிகளையும் சேர்த்து, 39 எழுத்து மட்டுமே. இது உலகப் பொது அளவு. தந்தை பெயரோடு நீளும் நம் பெயர் அடங்காவிட்டால் அந்த வரியில் வெட்டுப்படும். விமானச் சீட்டிலும் வீசாவிலும் வேறு வடிவம் வந்தால் அதிகாரி நிறுத்தி விசாரிப்பார். விண்ணப்பிக்கும் முன்பே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.