ஊற்றை ஆழமாக்கினால் என்ன ஆகும்?

தனுஷ்கோடி மணலில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே கையால் ஊற்றுத் தோண்டுவார்கள். சில அடிகளில் தண்ணீர் கசியும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினால் குடிக்கலாம், கரிக்காது.

இதை வைத்து வகுப்பில் இரண்டு விதமாகக் கேட்கலாம். "கடல்நீரின் அடர்த்தி என்ன?" என்றால் மனப்பாடம் செய்த பிள்ளை கையைத் தூக்கும். "ஊற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் கூடுமா?" என்றால் பெரும்பாலும் "கூடும் சார்!" என்றுதான் வரும். தப்புதான். பாடம் அங்கேதான் சூடுபிடிக்கிறது.

மணலில் இறங்கிய மழைநீர், அடியில் பரவியிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். வித்தியாசம் 40-ல் 1 பங்கு. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 10 சென்டிமீட்டர் நின்றால், கீழே சுமார் 4 மீட்டர் வரை அதுதான். அதற்கும் கீழே போனாலோ, மேலே இருப்பதை அள்ளித் தீர்த்தாலோ உப்புதான் வரும்.

இதை நான் முதலில் சொல்வதில்லை. கண்ணாடி டம்ளரில் சொட்டு நீலம் கலந்த உப்புநீர். அதன்மேல் கரண்டி முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீர். ஊசியில்லாத சிரிஞ்சால் எங்கே உறிஞ்சினால் என்ன நிறம் வரும் என்று முதலில் எழுதச் சொல்கிறேன். பிறகுதான் உறிஞ்சுகிறோம். ஊகம் பொய்த்த பிள்ளையை அதன்பிறகு உட்காரவைக்க முடியாது.

1956-ல் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்து, 2001-ல் திருத்தப்பட்ட சிந்தனைப் படிகள் ஆறு: நினைவுகூர்வதில் தொடங்கி, புதிதாக உருவாக்குவது வரை. ஆசிரியர் பயிற்சியில் அந்த ஆறையும் மனப்பாடம் செய்யவைப்பது தனிக்கூத்து. எனக்கு அதைவிட உதவியது, 1970-களில் அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் கண்டது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டார்கள். படிக்கச் சுலபம். முதல் தடவை நான் இரண்டு எண்ணுவதற்குள் விடையை உளறிவிட்டேன்.

போன முறை ஒரு மாணவி கேட்டாள்: "எங்க தெரு போர் தண்ணி உப்பாப் போனதும் இதனாலதானா சார்?"

வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணினேன்.

"கோடையிலதான் சார் ரொம்பக் கரிக்கும்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். "மாசாமாசம் ஒரு டம்ளர் தண்ணிய வத்தவச்சு, அடியில எவ்வளவு உப்பு நிக்குதுன்னு பாத்தா?"