ராமேஸ்வரம் போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு

ஆடி மாதத்தில் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மின்சார காரில் போய்த் திரும்பினால் ஒரு விஷயம் கண்ணில் படும். போகும்போது செலவானதைவிடத் திரும்பும்போது பேட்டரி கூடுதலாக இறங்கும். சாலையும் அதேதான், வேகமும் அதேதான், ஏறியிருக்கும் ஆட்களும் அவர்களேதான். மதுரை கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பது ஒரு காரணம். ஆனால் இரண்டரை டன் எடையை அவ்வளவு உயரம் ஏற்ற ஒரு யூனிட் மின்சாரம்கூட முழுதாக வேண்டாம். மீதியைக் காற்று எடுத்துக்கொள்கிறது.

கணக்குக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2024-ல் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ ஐ5 எம்60 என்ற சொகுசு செடான். 601 குதிரைத்திறன், முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார், பயன்படுத்தக்கூடிய அளவாக சுமார் 81 யூனிட் பேட்டரி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.8 விநாடி.

இந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த 3.8 விநாடியைத்தான் முதலில் சொல்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏற ஏறத்தான் முழு விசையைத் தரும். மின்மோட்டாரில் விசை என்பது அதற்குள் பாயும் கரண்டைப் பொறுத்தது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே முழு விசையும் கிடைக்கும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் அந்தச் சில விநாடிகளில் 440 கிலோவாட் பாய்கிறது. ஐந்து கிலோவாட் இணைப்புள்ள 88 வீடுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் இழுக்கும் அளவு அது.

இவ்வளவு இழுத்தால் பேட்டரி காலியாகிவிடாதா? ஆகாது. ஆட்களோடு சேர்த்து இரண்டரை டன் இருக்கும் காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 0.27 யூனிட்தான். பேட்டரியில் முந்நூறில் ஒரு பங்கு. அதுவும் போனது போனதுதான் என்றில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காற்றுக்குக் கொடுத்தது மட்டும் திரும்பி வராது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆனால் எந்த வேகம் என்பதில்தான் நம் கடற்கரையின் கதை இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைக் காற்று பார்ப்பதில்லை. தனக்கும் காருக்கும் இடையிலான வேகத்தைத்தான் அது பார்க்கிறது. காற்றில்லாத நாளில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார் 100 கிலோமீட்டர் ஓடினால், காற்றைப் பிளக்க மட்டும் சுமார் 7 யூனிட் ஆகும். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காருக்கு அது 130 கிலோமீட்டர் வேகக் காற்று. செலவு ஏறக்குறைய 12 யூனிட்டாகிவிடும். அதே காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் மூன்றரை யூனிட் போதும்.

தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் கச்சான் காற்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி, மண்டபம் வழியாகக் கிழக்கே போகும் காரை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். மார்கழியில் வாடை வீசும்போது கணக்கு தலைகீழ். சரி, போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. மூன்றரையையும் பன்னிரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏழே முக்காலுக்குப் பக்கத்தில் வரும், ஏழு வராது. இருமடி விதியில் எதிர்காற்று பிடுங்குவது எப்போதும் பின்காற்று கொடுப்பதைவிட அதிகம். கச்சான் காலத்தில் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது வேகத்தை 80-க்குக் குறைத்துக்கொள்வதைவிட நல்ல வழி இல்லை. 601 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 80-ல் போவதா என்று கேட்கலாம். அந்தத் திறன் முந்திச் செல்லும் சில விநாடிகளுக்கானது.

பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் வரும். பக்கத்து ரயில் பாலத்தில் காற்றின் வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அங்கே இந்த வகைக் கார் தரையைப் பிடித்து நிற்பதற்குக் காரணம், எடை மிகுந்த பேட்டரி முழுவதும் காலடியில் பரப்பி வைக்கப்பட்டிருப்பதுதான். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் சக்கரம் வழுக்கினால், மோட்டார் சில மில்லிவிநாடிகளில் விசையைக் குறைத்துவிடும். இன்ஜினால் அவ்வளவு வேகமாக முடியாது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லித்தியம் பேட்டரிக்கு நமக்கு இதமான வெப்பம்தான் அதற்கும் இதம். சூடு ஏறினால் காரின் ஏசி அமைப்பே பேட்டரியையும் குளிர்விக்கும், அதற்கும் மின்சாரம் போகும். நிழலில் நிறுத்துங்கள். தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள். நிரம்பிய பேட்டரி வெயிலில் நிற்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும். தவிர, நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது.

அப்புறம் உப்பு. வாங்குகிறவர்கள் இதைத்தான் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கடல் திவலைகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாக இரும்பின்மேல் படியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மழையே இல்லாவிட்டாலும் உலோகத்தை நனைத்தே வைத்திருக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபம் கரையில் உலோகங்களை வைத்து அரிப்பை ஆராய்ந்ததும், 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குச் சிறப்புப் பூச்சு தேவைப்பட்டதும் இதனால்தான்.

காரில் இது முதலில் தாக்குவது பிரேக் டிஸ்க்கை. சக்கரத்தோடு சுழலும் அந்தத் தட்டு வார்ப்பிரும்பு, பிரேக் பிடிக்கும்போது பேட் என்ற கட்டை உரசும் முகத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. பெட்ரோல் காரில் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் பேட் உரசித் துருவைச் சுரண்டிவிடும். மின்சார காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், பேட் டிஸ்க்கைத் தொடாமலே நாட்கள் போகும். சிக்கனத்துக்காகச் செய்த அதே ஏற்பாடு இங்கே துருவுக்கு வழி விடுகிறது. துரு குழியாக விழுந்துவிட்டால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும்.

பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து வாரத்தில் சில முறை அழுத்தமாகப் பிரேக் போடுங்கள். மோட்டார் தாங்கும் அளவைத் தாண்டினால் பேட் வந்து சேர்ந்துகொள்ளும். தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பகுதியையும் சக்கரங்களையும் கழுவுங்கள். ஆனால் கரையோர ஊர்களில் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. குடிக்கிற நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும். கழுவியதும் அப்படியே நிறுத்திவிடாமல் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவிட்டு நிறுத்துங்கள்.