கரோசல்: தமிழில் படச்சுழல்

இணையப் பக்கத்தில் பக்கவாட்டில் நகரும் படங்கள் எதுவானாலும் அதைக் கரோசல் என்று சொல்லிவிடுகிறோம். ஸ்லைடர், ஸ்லைட்ஷோ, கேலரி என்ற பெயர்களும் அதே பொருளில் புழங்குகின்றன. ஆனால் கரோசலுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு: கடைசிப் படத்தை அடுத்து முதல் படம் வரவேண்டும். ஐந்தாவது படத்தோடு அம்புக்குறி மங்கி நின்றுவிட்டால் அது ஸ்லைடர்தான்.

சொல்லின் வரலாறும் அதையே காட்டுகிறது. இத்தாலியின் கரோசெல்லோ பிரெஞ்சில் கரூசெல் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் அது குதிரை வீரர்கள் அணிவகுத்து நடத்திய போர் விளையாட்டின் பெயர். 1662இல் பதினான்காம் லூயி பாரிசில் அப்படியொரு விழாவை ஆடம்பரமாக நடத்தினார். விழா நடந்த சதுக்கம் இன்றும் கரூசெல் என்றே அழைக்கப்படுகிறது. வீரர்களின் பயிற்சிக்காகச் சுற்றவிட்ட மரக்குதிரைகள் பிறகு குழந்தைகளின் குடை இராட்டினமாயின. 1960களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் வட்டத் தட்டில் 80 படவில்லைகளை (ஸ்லைடுகளை) அடுக்கிச் சுற்றவிடும் ஒளிப்படக் காட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்குக் கரோசல் என்று பெயரிட்டது. தட்டு ஒவ்வொரு அடியாகத் திரும்ப, படவில்லை தன் எடையாலேயே விளக்குக்கு முன்னால் இறங்கும். 2004இல் அதன் தயாரிப்பு நின்றது. வலை வடிவமைப்பாளர்கள் கடன் வாங்கியதற்கு இந்தப் பொருளே நெருக்கமானது.

தமிழில் என்ன சொல்வது? இராட்டினம் என்றால் செங்குத்தாகச் சுற்றும் பெரிய இராட்டினமும் நூல் நூற்கும் இராட்டினமும் நினைவுக்கு வரும். வழுக்கி, நழுவி போன்றவை ஸ்லைடர் என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. சுற்றி வருவதை அவை சொல்வதில்லை. படச்சுழல் என்பதே பொருத்தம். குறுகிய சொல், கேட்டதும் புரிகிறது. துணைச்சொற்களையும் எளிதில் தருகிறது. லூப் என்பதைத் தொடர்சுழற்சி எனலாம், ஆட்டோபிளே என்பதைத் தானியங்கு சுழற்சி எனலாம். ஒவ்வொரு தனிப் படமும் படவில்லை. சுற்றாமல் ஒரு முனையில் நின்றுவிடுவது படவரிசை; நகராமல் கட்டங்களில் நிற்பது படத்தொகுப்பு.

இனி இயக்கம். கோடாக்கின் தட்டு உண்மையிலேயே வட்டம். உலாவியில் இருப்பதோ நேரான ஒரு பட்டை. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின், அதாவது படச்சுழலை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பின், வேலையில் பாதி, அந்தப் பட்டையை வட்டம் போலக் காட்டுவதுதான். ஸ்வைப்பர், ஸ்பிளைட், ஸ்லிக் எல்லாவற்றிலும் அடிப்படை அமைப்பு ஒன்றே: வெளியே ஒரு சட்டகம், அதற்கு ஓவர்ஃபுளோ ஹிடன் (வெளியே வழிவதை மறைக்கும் கட்டளை); உள்ளே நீளும் பட்டை; பட்டையில் படவில்லைகள். லைப்ரரி நகர்த்துவது பட்டையை மட்டுமே. லெஃப்ட் என்ற இட அளவை மாற்றி நகர்த்தினால் உலாவி ஒவ்வொரு முறையும் இடக்கணக்கை மறுபடி போடும், பழைய கைபேசிகளில் அசைவு திக்கித் திக்கி வரும். அதனால்தான் நல்ல லைப்ரரிகள் இடக்கணக்கைத் தொடாமல் நகர்த்தும் டிரான்ஸ்ஃபார்மைப் பயன்படுத்துகின்றன.

600 பிக்சல் அகலச் சட்டகம், ஐந்து படங்கள் என்று வைத்துக்கொள்வோம். லைப்ரரி ஐந்தாம் படத்தின் நகலை முன்னாலும் முதல் படத்தின் நகலைப் பின்னாலும் ஒட்டும். பட்டையில் இப்போது ஏழு. தொடக்கத்தில் பட்டை இடப்பக்கம் 600 பிக்சல் தள்ளி, அதாவது −600இல் நிற்கும். ஐந்தாம் படம் −3000இல். அடுத்து அழுத்தினால் −3600க்கு நகரும். அங்கே தெரிவது முதல் படத்தின் நகல். நகர்வு முடிந்த நொடியில் டிரான்சிஷனை (மெல்ல நகரும் அசைவை) நிறுத்திவிட்டுப் பட்டையை −600க்குத் தாவவைக்கும். இரண்டு இடத்திலும் ஒரே படம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் மூன்று படங்கள் தெரிய வேண்டுமானால் இருபுறமும் மும்மூன்று நகல்கள் வேண்டும். ஐந்து படங்களுக்குப் பட்டையில் பதினொன்று இருக்கும்.

இந்தத் தாவலில்தான் கோளாறுகள் வருகின்றன. டிரான்சிஷனை நிறுத்தி, இடத்தை மாற்றி, உடனே மீண்டும் டிரான்சிஷனைப் போட்டால் உலாவி மூன்றையும் சேர்த்து ஒரே மாற்றமாக எடுத்துக்கொள்ளும். பட்டை ஐந்து படங்களையும் கடந்து பின்னோக்கி ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். இடையில் ஆஃப்செட்வித் என்ற அகல அளவை ஒருமுறை படித்தால் போதும். உலாவி அதுவரை உள்ளதைக் கணக்கிட்டே தீர வேண்டும். அடுத்தது, அசைவு முடிந்ததை அறிவிக்கும் டிரான்சிஷன்எண்ட் நிகழ்வு உள்ளிருந்து மேலே ஏறிவரும். படவில்லைக்குள் இருக்கும் பொத்தான் நிறம் மாறி முடித்தாலும் பட்டைக்குச் சேதி போகும், தாவல் தவறான நேரத்தில் நடக்கும். நிகழ்வின் டார்கெட், அதாவது அது தொடங்கிய இடம், பட்டைதானா என்று பார்ப்பது அவசியம். பயனர் இரண்டு முறை விரைந்து அழுத்தினால் தாவலுக்கு முன்பே −4200க்குப் போய் வெற்றிடம் தெரியும். நகர்வு முடியும்வரை அடுத்த அழுத்தத்தை ஏற்கக் கூடாது.

நகல்களுக்கு வேறு குறையும் உண்டு. மூலப் படவில்லையில் நேரடியாகக் கட்டிய கிளிக் நிகழ்வு நகலில் இருக்காது. "முதல் படத்தை அழுத்தினால் சில சமயம் திறக்கிறது, சில சமயம் திறக்கவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நிகழ்வைச் சட்டகத்தில் கட்டுங்கள். ஸ்வைப்பர் ஒன்பதாம் பதிப்பிலிருந்து நகலெடுப்பதை விட்டுவிட்டுப் படவில்லைகளையே இடம் மாற்றி வைக்கிறது. அதனால் போதுமான படங்கள் இல்லாவிட்டால் தொடர்சுழற்சி சரியாக நடக்காது. மூன்று தெரிய வேண்டிய இடத்தில் மூன்றே படங்களை வைத்துவிட்டு லூப்பைத் திட்டுவதில் பயனில்லை.

படச்சுழல் சுருங்கியோ காலியாகவோ வந்தால் முதலில் அகலத்தைப் பாருங்கள். மூடிய டேபிலோ பாப்அப்பிலோ டிஸ்ப்ளே நன் (மறைந்த) நிலையில் லைப்ரரியை இயக்கினால் அதற்குக் கிடைக்கும் அகலம் பூஜ்யம். திறந்தபின் ஸ்வைப்பரில் அப்டேட், ஸ்லிக்கில் செட்பொசிஷன் கட்டளையைக் கொடுத்தால் சரியாகும். எதிர்க்கோடியும் உண்டு: ஃபிளெக்ஸ் (உறுப்புகளை வரிசையாக அடுக்கும்) பெட்டிக்குள் வைத்த படச்சுழல் பல ஆயிரம் பிக்சலுக்கு வீங்கிவிடும். ஃபிளெக்ஸ் உறுப்பு தன் உள்ளடக்கத்தைவிடச் சுருங்க மறுப்பதே காரணம். அதற்கு மின்வித் (குறைந்தபட்ச அகலம்) 0 என்று கொடுத்தால் அடங்கும்.

படங்களுக்கு அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லிலேயே எழுதவேண்டும், இல்லாவிட்டால் படம் இறங்கியதும் கீழேயுள்ள உரை குதிக்கும். தேவைப்படும்போது மட்டும் படத்தை இறக்கும் லேசி லோடிங்கை இரண்டாவது படத்திலிருந்து போடுங்கள். முதல் படத்துக்கும் போட்டால் பக்கம் திறந்ததும் கண்ணில் படவேண்டியது தாமதமாக வரும்.

தானியங்கு சுழற்சி பெரும்பாலும் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. போட்டே ஆகவேண்டுமானால் நிறுத்தும் பொத்தான் வேண்டும்: தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசைவதை நிறுத்த வழி வேண்டும் என்பது வலை அணுக்க நெறிமுறையின் 2.2.2ஆம் விதி. ஸ்வைப்பரில் இடைவெளியை நீங்கள் குறிப்பிடாவிட்டால் 3000 மில்லிநொடி. இரண்டு வரி எழுத்துள்ள படத்துக்கு அது போதாது. பயனர் தன் கருவியில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பிரிஃபர்ஸ் ரெடியூஸ்டு மோஷன் என்ற சிஎஸ்எஸ் நிபந்தனை மூலம் அதையறிந்து தானியங்கு சுழற்சியைத் தொடங்காமலே விடலாம்.

சுற்றி வரவே வேண்டாம், விரலால் தள்ளிப் பார்த்தால் போதும் என்றால் லைப்ரரி தேவையில்லை. படவில்லைகளைப் பக்கவாட்டில் அடுக்கியபின் சட்டகத்துக்கு ஓவர்ஃபுளோ எக்ஸ் ஆட்டோவும் ஸ்குரோல் ஸ்நாப் டைப் எக்ஸ் மேண்டட்டரியும், படவில்லைக்கு ஸ்குரோல் ஸ்நாப் அலைன் ஸ்டார்ட்டும் கொடுத்தால் சிஎஸ்எஸ்ஸிலேயே படவரிசை தயார்.