கார்டின் மேல் பழி போடும் முன்

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் கணினித் திரைக்குப் படத்தைத் தரும் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். முதல் முறையாகத் தானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கணினியாம். மின்விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரை மட்டும் கறுப்பு. “கார்டு செத்துப்போய்விட்டது சார், மாற்றித் தரச் சொல்லி அனுப்பிவிடலாமா?” என்று கேட்டார்.

என் சோதனைக் கணினியில் பொருத்தினேன். பதினைந்து நொடியில் படம் வந்துவிட்டது. அவர் முகத்தில் மகிழ்ச்சியை விடக் குழப்பம்தான் அதிகம். “கேபினெட்டை அப்படியே கொண்டு வாருங்கள் தம்பி, எதையும் கழற்றாதீர்கள், கார்டை எப்படி மாட்டினீர்களோ அப்படியே மாட்டிக் கொண்டு வாருங்கள்” என்றேன்.

மறுநாள் கேபினெட்டைப் படுக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கார்டின் தங்க நிறப் பற்கள், அதைச் செருகும் ஸ்லாட்டின் ஒரு முனையில் முழுவதும் மறைந்திருந்தன. தாழ்ப்பாள் இருக்கும் மறுமுனையில் மட்டும் நூலளவு வெளியே தெரிந்தன. கார்டின் உலோகத் தகடு கேபினெட் விளிம்போடு சரியாகச் சேராமலேயே திருகை இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க ஒரு முனை கீழே போக, மறுமுனை எழும்பிவிட்டது. திருகைத் தளர்த்தி, கார்டை இரு முனையிலும் சமமாக அழுத்தினேன். ‘டக்’கென்று தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் திருகைத் தொடவே கூடாது.

புதுக் கணினியில் திரை வரவில்லை என்றால் எல்லோர் விரலும் கார்டை நோக்கியே நீளும். பெட்டிக்குள் பெரியதும் விலை உயர்ந்ததும் அதுதான் என்பதாலோ என்னவோ. என் அனுபவத்தில் அது குற்றவாளிகளின் வரிசையில் கடைசியில்தான் நிற்கிறது.

சொல்லவே சங்கடமான காரணம் ஒன்று உண்டு: மானிட்டர் கேபிளை, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருகியிருப்பார்கள். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். கணினியின் மூளையான பிராசசரின் பெயரில் கடைசியில் ‘எஃப்’ எழுத்து உள்ள இன்டெல் வகைகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ், அதாவது கார்டு இல்லாமலே படம் தரும் பகுதி, கிடையாது. மதர்போர்டில் செருகினால் ஒன்றுமே தெரியாது. உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசசர் என்றால், கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகப் பாருங்கள். படம் வந்தால் மற்ற பாகங்கள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். இன்னொன்று, டிடிஆர்5 வகை ரேம் (தற்காலிக நினைவகம்) உள்ள கணினி முதல் தடவை கண் திறக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ரேமை அது தனக்குப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. அதற்குள் பொறுமை இழந்து நான்கு முறை அணைத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மதர்போர்டில் ‘விஜிஏ’ என்று எழுதிய சிறு விளக்கு நின்று எரிந்தால், கார்டிடமிருந்து பதில் வரவில்லை என்பதுதான் அதன் செய்தி. கார்டு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. நீட்டிப்பு கேபிள் வழியாகக் கார்டை நிற்க வைத்திருந்தால் முதலில் அந்தக் கேபிளை நீக்கிவிட்டு நேரடியாகப் பொருத்திப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை கார்டுகளை உண்மையிலேயே சாகடிப்பது பெரும்பாலும் இதில் நடக்கும் தவறுதான். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பவர் கேபிளின் 6 பின் (ஊசி) இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150 வாட் தரும். பிராசசருக்கான கேபிளிலும் 8 பின் உண்டு; பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வரும் பக்கத்தில் மற்றதில் கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பும் கம்பி. பிளாஸ்டிக்கின் வடிவமே தவறான கேபிளைத் தடுக்கும். வம்படியாக அழுத்துகிறவர்களை அது என்ன செய்ய முடியும்? செருகும்போது எதிர்ப்புத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் பவர் சப்ளை; பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகுவது இன்னும் மோசம். கழற்றி மாட்டும் வகைகளில், பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுவான ஒழுங்கு எதுவும் இல்லை. செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டால் புகை வரும். அந்தந்த பவர் சப்ளையோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒரே கேபிளில் இரண்டு தலைகள் இருந்தாலும், அதிக மின்சாரம் இழுக்கும் கார்டுக்குத் தனித்தனிக் கேபிள்களே நல்லது.

பெரிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின்கள் அதைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. இணைப்பு பாதியில் நின்றால் சில பின்கள் சும்மா இருக்க, மற்றவை அவற்றின் சுமையையும் சேர்த்துச் சுமந்து சூடேறி உருகும். இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். இணைப்பை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள், மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விடுங்கள்.

திரை வருகிறது, விளையாடும்போது மட்டும் தொல்லை என்றால் கேள்வி மாறுகிறது. சுவரில் சுவிட்சை அணைத்ததுபோல முழுக் கணினியும் நின்றால் நான் முதலில் பவர் சப்ளையைத்தான் சந்தேகிப்பேன். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தன் சராசரியை விட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். தாங்காத பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பிறகு விண்டோஸின் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி இருக்கும். பலர் அதையே நோயின் பெயராக நினைத்துக்கொள்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தால் கதை வேறு. கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி தொடங்கி, 4101 என்ற எண்ணில் பதிந்து வைக்கும். டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை இயல்புநிலைக்குக் கொண்டுவந்து ஒரு மாலைப் பொழுது விளையாடிப் பாருங்கள். ரேம் செய்த தவறுக்குக் கார்டு திட்டு வாங்குவது நான் அடிக்கடி காணும் காட்சி.

சும்மா இருக்கும்போது கார்டின் விசிறி சுற்றவில்லை என்று பதறி வருகிறவர்களும் உண்டு. சூடேறாதவரை விசிறியை நிறுத்தி வைப்பது இன்றைய கார்டுகள் பலவற்றின் இயல்பு.

திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். அதில் கறை இல்லை என்றால் கேபிள், மானிட்டர், கார்டின் வெளியீட்டுப் பகுதி இவற்றில் ஒன்றுதான் காரணம். முதலில் மலிவானதை மாற்றுங்கள். வேறு கேபிளும் வேறு மானிட்டரும் மாற்றிய பிறகும் பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால், டிரைவர் நிரபராதி. அங்கே விண்டோஸே இன்னும் எழவில்லை. அப்போது நானும் கார்டைத்தான் கைகாட்டுவேன்.

அந்த நிலையில் கார்டை அடுப்பில் சுடும் வைத்தியத்தையெல்லாம் முயலாதீர்கள். வெப்பத் தகட்டைத் திறந்தால் வாரன்டி மறுக்கப்படலாம். கழற்றும் முன் இணைப்புகளைப் படம் எடுத்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில், எந்த பவர் சப்ளையோடு சோதித்தீர்கள், என்ன தெரிந்தது என்று நான்கு வரி எழுதிக் கார்டின் பெட்டிக்குள் வையுங்கள். மறுமுனையில் அதைத் திறக்கப்போகிறவரும் என்னைப் போல, முதலில் தன் கணினியில் செருகித்தான் பார்ப்பார்.