அறுக்காமல் விட்ட கோதுமை வயல்

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ராதம்ஸ்டெட் பண்ணை இருக்கிறது. அங்கே பிராட்பாக் என்ற வயலில், 1882-இல் விளைந்து நின்ற கோதுமையில் ஒரு துண்டை அறுக்காமல் விட்டுவிட்டார்கள். அரை ஏக்கர் இருக்கும். மறதி ஒன்றும் இல்லை. பண்ணை உரிமையாளர் ஜான் பென்னட் லாஸும் வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1843 முதல் அந்த வயலில் கோதுமையை வைத்துச் சோதனை நடத்தி வந்தவர்கள். மனிதன் கைவிட்டால் கோதுமை தானாகப் பிழைத்துக்கொள்ளுமா என்று பார்க்கலாமே என்றுதான் விட்டார்கள்.

பிழைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், களைகளுக்கு நடுவே தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குட்டைச் செடிகள்தான் அகப்பட்டன. அதற்குப் பிறகு அங்கே யாரும் ஏர் பூட்டவில்லை. புதர் மண்டியது, அப்புறம் மரங்கள். 1886-இல் அதே பண்ணையில் கீஸ்கிராஃப்ட் என்ற இன்னொரு வயலிலும் ஒரு துண்டைத் தரிசாகப் போட்டார்கள். இன்று கீஸ்கிராஃப்ட் துண்டும் பிராட்பாக் துண்டின் ஒரு பகுதியும் காடு.

மரம் வந்துவிட்டது, சரி. மண்? இங்கேதான் ராதம்ஸ்டெட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம். 1880-களில் எடுத்த மண்ணையே அவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதனால் காட்டுக்கு முந்தைய மண்ணையும் பிந்தைய மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடிந்தது.

உழுத நிலம் எதை இழக்கிறது என்று முதலில் பார்ப்போம். நல்ல மண் பொடியாக இருக்காது, சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். மட்கிய தழை அந்த உருண்டைகளுக்குள் புதைந்து கிடக்கும். நுண்ணுயிர்களுக்கு அது எளிதில் எட்டாது. ஒவ்வொரு உழவும் உருண்டையை உடைத்து உள்ளே காற்றை விடுகிறது. நுண்ணுயிர்கள் புகுந்து தின்கின்றன, கரிமம் கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. விளைச்சலோ களத்துக்குப் போய்விடுவதால் மண்ணுக்குத் திரும்புவது சொற்பம். போதாததற்கு, கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். நம் ஊரில் உளிக்கலப்பை போட்டு உடைப்பார்களே, அதே தட்டுதான்.

உழவை நிறுத்தினால் இந்தக் கணக்கு திரும்புகிறது. சருகு விழுகிறது, மெல்லிய வேர்கள் செத்துச் செத்துப் புதிதாக முளைக்கின்றன, பூஞ்சை இழைகள் துகள்களைக் கட்டிப்போடுகின்றன, மண்புழு துளைபோட்டுக் கொடுக்கிறது. பிராட்பாக் காட்டு மண்ணில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.54 டன் கரிமம் சேர்ந்திருக்கிறது. மரங்களிலும் வேர்களிலும் 2.85 டன். கீஸ்கிராஃப்டில் இவை 0.38, 1.62 டன்தான். ஒரே பண்ணை, ஒரே மழை, ஏறக்குறைய ஒரே வயது. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முக்கியமான ஒரு காரணம் சுண்ணாம்பு. அந்த வட்டாரத்தில் களிமண்ணுக்கு அடியில் சுண்ணப்பாறை இருக்கிறது. அந்தக் காலத்து விவசாயிகள் குழி தோண்டி அதை மேலே எடுத்து வயலில் கொட்டுவார்கள். சோதனையெல்லாம் தொடங்குவதற்கு வெகு முன்பே பிராட்பாக் வயலில் அப்படி ஏராளமாகக் கொட்டியிருந்தார்கள். கீஸ்கிராஃப்டுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. காட்டு மண்ணில் அமிலம் சேர்வது இயல்பு: வேர்கள் கால்சியத்தை இழுத்துக்கொள்கின்றன, மழை மிச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. அது நிலக்கரிப் புகையின் காலம் வேறு. காற்றிலிருந்த அமிலத்தை மரங்களின் இலைகள் வடிகட்டி மண்ணில் இறக்கின. பிராட்பாக்கில் பழைய சுண்ணாம்பு இதையெல்லாம் தின்று தீர்த்தது. கீஸ்கிராஃப்டில் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 7-இலிருந்து நூறு ஆண்டுகளில் 4.5-க்கும் கீழே போய்விட்டது. அந்த அளவில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்கும். சருகை உள்ளே இழுத்துப் போகும் மண்புழுக்களும் அமில மண்ணில் தங்காது. சருகு மேலேயே தங்கிவிடும். உழவு நின்றால் மண் தானாக நலமாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வதை நான் முழுதாக நம்பாததற்குக் கீஸ்கிராஃப்ட் ஒரு காரணம்.

மரங்களும் பிரிந்து நிற்கின்றன. பிராட்பாக்கில் ஆஷ், சிக்கமோர், ஹாதார்ன். கீஸ்கிராஃப்டில் பெரும்பாலும் ஓக். பூஞ்சை விஷயத்தில் ஓக் கொஞ்சம் சிக்கலான மரம். கோதுமையும் ஆஷும் நம் விவசாயிகளுக்குத் தெரிந்த 'வாம்' வகை வேர்ப் பூஞ்சைகளோடு கூட்டு வைப்பவை. அந்தப் பூஞ்சை வயலிலேயே இருக்கும். ஓக்குக்கு வேண்டியது வேர்நுனியை வெளியே உறைபோலச் சுற்றிக்கொள்ளும் வேறு வகை. கோதுமை வயலில் அதற்குத் துணை கிடையாது. காற்றில் பறந்துவரும் வித்துகளையோ பக்கத்து மரங்களின் வேர்களையோ நம்பித்தான் அது வர வேண்டும். வயலில் காடு வளர்ப்பவர்கள் சிலர் பழைய காட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்து நாற்றுக் குழியில் போடுவது இதற்காகத்தான்.

கரிமமும் பூஞ்சையும் காலப்போக்கில் வந்து சேர்பவை. பாஸ்பரஸின் சிக்கல் நேர் எதிரானது: போகவே போகாது. நைட்ரஜனைப் போல அது வாயுவாகப் பறப்பதில்லை, நீரில் எளிதாகக் கரைந்து ஓடுவதுமில்லை. மண் துகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் போட்ட தொழுவுரமும் செயற்கை உரமும் அப்படித் தங்கிவிட்டால், இங்கிலாந்தில் காட்டுச் செடிகளுக்கு முன்னால் வந்து இடம்பிடிப்பது தொட்டால் அரிக்கும் நெட்டில். மற்றவற்றுக்கு அது எளிதில் இடம் கொடுக்காது.

விவசாயம் விட்டுப்போன தடம் எத்தனை காலம் நிற்கும்? பிரான்ஸின் வடகிழக்கில், லொரேன் பகுதியில், துயிய் காட்டில் இதற்குப் பதில் கிடைத்தது. ரோமானியர் காலத்தில், கி.பி. 50-இலிருந்து 250 வரை அங்கே விவசாயம் நடந்தது. பின் கைவிட்ட நிலத்தைக் காடு மூடிக்கொண்டது. 2002-இல் வெளியான ஆய்வில், அன்று எந்த இடத்தில் எவ்வளவு தீவிரமாக விவசாயம் செய்தார்களோ அதற்கேற்ப இன்றைய காட்டின் தரைச்செடிகள் மாறியிருப்பது தெரிந்தது. மண்ணின் வேதியியலும் கட்டமைப்பும்கூட அந்தப் பழைய வயல்களின் கணக்கையே பின்பற்றியிருந்தன.