பொறிவிசைப் பலகை

‘பெரியம்மா மகள் வந்தாள்’ என்று என் தங்கை மகன் எழுதுகிறான். ‘பெரியம்மா மக்கள் வந்தாள்’ என்று எனக்கு வந்து சேர்கிறது. மூன்று வாரமாக அவன் அனுப்பியதெல்லாம் இப்படித்தான். பகல் பக்கல் ஆனது, அகம் அக்கம் ஆனது. கணினியில் தமிழ் எழுதும் தமிழ்99 முறையில் தட்டிப் பழகியவர்களுக்குக் காரணம் உடனே புலப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். பையனுடைய விசைப்பலகையில் ககரம் இருக்கும் விசை, ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் அழுத்தியதாகக் கணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று இந்த வயதிலும் இலக்கண நூலைப் புரட்டுகிறவன் நான். மிகக்கூடாத இடத்திலெல்லாம் மிகுவிக்கக் கருவியே வந்துவிட்டதே என்று சிரித்தேன்.

சென்ற சனிக்கிழமை சிரிப்பு அடங்கியது. பையன் பலகையைத் தானே பிரித்து, பாதியில் கெடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் என் வீட்டுக்கு வந்து நின்றான். பையில் உதிரிகளோடு இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றும் இருந்தது. பள்ளி விடுமுறையில் மாணவர்களுக்கு நடந்த ஏதோ ஒரு பயிலரங்கில் கொடுத்தது. தலைப்பு, ‘இயந்திரவியல் விசைப்பலகையைப் பழுதுபார்த்தல்’. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’தான் அது.

அதன் இரண்டாவது படி, ‘விசைகளைக் கழற்றவும்.’ பையன் எழுத்து அச்சிட்ட மூடிகளைக் கழற்றினான். அதுவரை சரி. மூன்றாவது படி, ‘விசையின் கால்களை விடுவிக்கவும்.’ கழற்றி வைத்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடிக்கு ஏது கால்? தன் பலகைக்கு இது பொருந்தாது போலும் என்று தாண்டிவிட்டான். நான்காவது படி, ‘பழுதான விசையை வெளியே எடுக்கவும்.’ மூடிதான் போய்விட்டதே, இனி எஞ்சியது அடியில் இருக்கும் சிறு பெட்டிதான் என்று திருப்புளியை விட்டு நெம்பினான். பெட்டியின் இரண்டு உலோகக் கால்களும் பலகையின் அடிப்பக்கம் ஈயம் வைத்துப் பிடித்திருந்தன. பெட்டி வந்தது. கூடவே சுற்றுப்பலகையின் செப்பு வளையம் ஒன்றும் பிய்ந்துகொண்டு வந்தது.

ஒரே பக்கத்தில் மூன்று பொருளுக்கு ஒரே சொல். இரண்டாவது படியில் விசை என்றால் மூடி, நான்காவது படியில் மூடிக்கு அடியில் இருக்கும் பெட்டி, பின்பக்கத்தில் ‘45 கிராம் விசை’ என்னும்போது விரல் தரவேண்டிய அழுத்தம். அறிக்கையை எழுதியவர் ஒரு நாளாவது திருப்புளியைக் கையில் பிடித்திருந்தால் மூன்றாவது படியிலேயே திகைத்து நின்றிருப்பார்.

வேர்க்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் பூட்டைத் திறக்கும் ‘கீ’ இசைக்கருவிகளுக்குப் போய், அங்கிருந்து தட்டச்சுக்கும் கணினிக்கும் வந்தது. மலாயும் பூட்டை விடவில்லை. குன்சி என்றால் சாவி, அதிலிருந்து கெகுன்சி, பாபான் கெகுன்சி. நம்மிடம் இருக்கும் சாவியோ போர்த்துகீசியர் விட்டுப்போனது. தமிழ் அதைத் தொடாமல் ‘விசை’யை எடுத்துக்கொண்டது நல்ல காரியம். விசைத்தல் என்றால் துள்ளுதல், வேகமாதல். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் துள்ளி மேலே வருவது விசை. துப்பாக்கியில் சுடுவதற்கு விரலால் இழுப்பதற்கும் அதுதான் பெயர். ‘ஒரு விசை சொன்னால் போதாதா’ என்று தடவைக்கும் அந்தச் சொல்லை வழங்குவது உண்டு. ஒரு விசை அழுத்தி இரு விசை எழுத்து விழும் பலகைக்கு அந்தப் பொருளும் கூடிவருகிறது! இயற்பியலார் வந்து அதையே நியூட்டன் கணக்குக்கும் வைத்துக்கொண்டதுதான் வம்பு. ஆனால் விசைப்பலகை என்ற சொல் ஊன்றிவிட்டது. 1999இல் தமிழ்99 அமைப்பு வந்தபோதே அது தமிழ்99 விசைப்பலகைதான். அதைப் பிடுங்கும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்கு வழக்கு அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட ‘இயந்திரவியல்’ மேல்தான்.

இயந்திரவியல் என்பது ஒரு படிப்பு. கல்லூரியில் அதற்கு ஒரு துறை இருக்கிறது, துறைக்கு ஒரு தலைவர் இருக்கிறார். இயந்திரவியல் விசைப்பலகை என்றால் அந்தத் துறைக்கு வாங்கிப் போட்ட விசைப்பலகை என்றுதான் தமிழ் தெரிந்தவன் பொருள் கொள்வான். ஆங்கிலச் சொல் ‘இக்கல்’ என்று முடிந்தால் தமிழில் ‘இயல்’ என்று முடிக்க வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அன்று பிடித்த நோய். கார் நடுவழியில் நின்றால் இயந்திரவியல் கோளாறு, விளக்கு அணைந்தால் மின்னியல் கோளாறு. வண்டிக்குப் படிப்பில் என்ன கோளாறு வரும்?

கொஞ்சம் யோசிக்கிறவர்கள் இயலை வெட்டிவிட்டு ‘இயந்திர விசைப்பலகை’ என்கிறார்கள். நோய் பாதி தணிந்தது, அவ்வளவுதான். தையல் இயந்திரம், சலவை இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் என்று சொல்லிப் பாருங்கள். இயந்திரம் என்றால் ஒரு வேலையைத் தானே செய்து முடிக்கும் முழுக் கருவி. இயந்திர விசைப்பலகை என்றதும் வங்கி வாசலில் பணம் எடுக்கும் இயந்திரத்தில் எண்களை அழுத்தும் பலகைதான் என் கண்ணில் வருகிறது. அந்தச் சொல்லைப் பெயரடையாக வைத்தால் வேறொரு நிழலும் விழுகிறது. இயந்திர வாழ்க்கை, இயந்திரச் சிரிப்பு என்று உயிரற்றதற்கெல்லாம் அதைத்தான் முன்னால் வைக்கிறோம். இந்தப் பலகையை விரும்பி வாங்குகிறவர்களோ, விரல் நுனியில் உயிர் தெரிகிறது என்றல்லவா கூடுதல் விலை கொடுக்கிறார்கள்?

வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கரும்பு பிழியும் ஆலையைச் சங்கப் பாட்டே எந்திரம் என்கிறது. அத்தனை காலம் நம் வீட்டில் குடியிருந்த சொல்லை வெளியே போ என்று சொல்ல நான் யார்? பொருள் பொருந்தவில்லை என்பதுதான் என் குறை.

உண்மையில் ஆங்கிலப் பெயரே அரைகுறையானது. மலிவான பலகையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்தடங்கள் அச்சிட்டிருக்கும், நடுத்தாளில் வெறும் ஓட்டைகள். மேலே ரப்பர் குமிழ்கள். குமிழ் அமுங்கினால் ஓட்டை வழியாக மேல்தடம் கீழ்த்தடத்தைத் தொடும். இதிலும் ஏதோ அசையத்தான் செய்கிறது, இதுவும் ‘மெக்கானிக்கல்’தானே என்று கேட்டால் ஆங்கிலக்காரரிடம் நேரான பதில் கிடையாது. ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் வளைந்து நொடிக்கும் சுருள்வில் உண்டு, அடியில் அதே பிளாஸ்டிக் தாள். அது எந்தச் சாதி என்று இன்றுவரை அவர்களுக்குள் தகராறு. அவர்கள் அவசரத்தில் வைத்த பெயரை நாம் எதற்கு எழுத்துக்கு எழுத்து சுமக்க வேண்டும்? பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். (ரப்பர் குமிழ் வகைக்குச் ‘சவ்வு விசைப்பலகை’ என்று வேறு எழுதுகிறார்கள். எனக்குக் கறிக்கடை நினைவுதான் வருகிறது.)

பொருள் என்ன? பையன் நெம்பி எடுத்த பெட்டியைச் சமையல் மேசையில் வைத்துத் திறந்தோம். நான்கு பக்கக் கொக்கிகளை விடுவித்தால் மேல்மூடி கழன்றுவிடும். உள்ளே சிலுவைத் தலையுள்ள ஒரு தண்டு, அதற்கடியில் பேனா வில்லைவிடச் சிறிய சுருள்வில், ஓரத்தில் ஒன்றை ஒன்று தொடக் காத்திருக்கும் இரண்டு உலோகத் தகடுகள். 1980களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் வகையின் வழிவந்தது இது. தண்டு மேலே இருக்கும்வரை அதன் முனை ஒரு தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும். 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பிடி விலகும், தகடு பாய்ந்து அடுத்த தகட்டைத் தொடும். முழுப் பயணமே 4 மில்லிமீட்டர்தான். தொடும்போது தகடு சற்றுத் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கச் சில மில்லி வினாடி பொறுத்த பிறகே பலகை அதை எழுத்தாகக் கணக்கில் எடுக்கும். தகட்டில் அழுக்கு படிந்தால் தொடுகை விட்டுவிட்டுத் தொடரும், பொறுத்த நேரம் போதாது, மகள் மக்களாவாள். இந்தத் தீவின் புழுக்கத்தில் எதில்தான் அழுக்குப் படியாது?

இழுத்துப் பிடித்த பிடி விலகியதும் பாய்கிற அமைப்புக்குத் தமிழில் பெயர் தேட அகராதிக்கு ஓட வேண்டாம், அடுக்களை மூலையைப் பார்த்தால் போதும். எலிப்பொறி. வில், பிடி, பாய்ச்சல் எல்லாம் அதில் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் ‘வளைவிற் பொறி’ இருக்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் வில் என்பார்கள் உரைகாரர்கள். நம் காலத்தில் தட்டச்சுப் பொறி என்றோம், பொறியியல் என்றோம். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் உபாயம், சூழ்ச்சியாகச் செய்த கருவி என்றுதான் பொருள். நம் பழந்தமிழ்ச் சூழ்ச்சிப்பொறியும் அதுதானே?

ஆகவே மூடிக்கு அடியில் இருக்கும் பெட்டி பொறி. ஒவ்வொரு விசைக்கும் தனிப்பொறி உள்ள பலகை பொறிவிசைப் பலகை. ‘பொறியின் கால்களை விடுவிக்கவும்’ என்று எழுதியிருந்தால் பையன் மூடியில் கால் தேடியிருக்க மாட்டான்.

‘ஆளி’ என்று வைக்கலாமே என்று இலங்கை நண்பர் ஒருவர் சொன்னார். மின்சுவிட்சுக்கு அவர்கள் பாடநூலில் அதுதான் சொல், ஆள்வது ஆளி, குறை சொல்ல முடியாது. ஆனால் அறிவாளி, தொழிலாளி, படைப்பாளி என்று கேட்டுப் பழகிய மலேசியக் காதுக்கு, ஒரு பலகையில் 104 ஆளிகள் என்றால் ஒரு தோட்டத்துத் தொழிலாளர்களையே பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியதுபோல் இருக்கிறது. சுவிட்ச் என்றே எழுதினாலும் நான் கோபிக்கமாட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் வேலை செய்த காலம் முழுவதும் மலாய்க்காரர் சூயிஸ் என்றார்கள், நாங்கள் சுவிட்ச் என்றோம், ஒரு நாளும் தப்பான பொருள் கைக்கு வந்ததில்லை. தெளிவான கடன்சொல் குழப்பமான தனித்தமிழைவிட மேல். தெளிவான தமிழ்ச்சொல் கையருகே இருக்கும்போது அதைவிட்டு அகராதியின் முதல் பொருளை அப்படியே ஒட்டுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. இப்போது கணினியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது, இவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அதே அறிக்கையில் ஈயம் வைப்பதை ‘சாலிடரிங் செயல்முறையை மேற்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தது. தொழிற்சாலையில் ‘ஈயம் வை’ என்பதே பேச்சு. நூல்வழக்கு வேண்டுமென்றால் பொற்கொல்லரின் பற்றாசு இருக்கிறது. வெண்பா படித்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். வெண்பாவில் முதலில் வரும் குறட்பாவும் அடுத்து வரும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் நிற்கும்போது நடுவில் ஓரிரண்டு அசையைச் சேர்த்து இணைப்பார்கள், அதற்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பொருத்தப் பற்றாசு வைத்து ஊதுவதுபோல என்று உரையே உவமை சொல்கிறது. யாப்பிலக்கணம் கொல்லன் பட்டறையில் கடன் வாங்கிய சொல்லை, பட்டறைக்காரருக்கு எழுதுகிறவர் அறியவில்லை.

ஈயம் உருக்கும் பற்றுக்கோலைச் சுமார் 350 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினோம். பிய்ந்த வளையத்துக்குப் பதில் மெல்லிய கம்பி ஒன்றைத் தடத்தின் அடுத்த முனைவரை இழுத்து ஈயம் வைத்தேன். புதுப்பொறியைப் பையனே உட்கார வைத்தான். ‘மகள்’ என்று தட்டினான், மகளே வந்தாள். பத்துத் தரம் தட்டிப் பார்த்தான், பத்துத் தரமும் ஒற்று மிகவில்லை.

“மாமா, பொறி என்றால் தீப்பொறி நினைவுக்கு வருகிறதே, மின்சாரப் பொருளுக்கு அந்தப் பெயர் சரியா?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். பொறிவிசை என்று சேர்த்துச் சொன்னால் தீ விலகிவிடும் என்று சமாளித்தேன். எழுத்து அச்சிட்ட மேல்மூடிக்கு நான் ‘விசைமூடி’ என்றேன். அவன் கழற்றிய மூடிகளைப் பிஸ்கட் டின்னில் அள்ளிப் போட்டுக்கொண்டே, “தொப்பி என்றால் போதாதா?” என்றான். போதும்.